ரெண்டு பக்கமும் என் டீம்தான்

சிகாகோ வந்து சேர்ந்த முதல் வாரம். 2003. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், ஐம்பது வயசு ஐரிஷ் மனுஷர், காபி மெஷின் பக்கத்தில் என்னை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கப்ஸா, சாக்ஸா?"

ஏதோ தின்பண்ட சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டும் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லிவைத்தேன். மனுஷர் முகம் போன போக்கைப் பார்த்திருக்கணும் நீங்கள். "அப்படி ஒரு பதிலே இந்த ஊரில் கிடையாதப்பா" என்றார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. சிகாகோவுக்கு பேஸ்பால் அணிகள் ரெண்டு. வடக்கே ரிக்லி ஃபீல்டில் கப்ஸ். தெற்கே 35-வது தெருவில் வைட் சாக்ஸ். நடுவில் ஓடுவது ஒரே ரயில், ரெட் லைன். ஆடிசன் ஸ்டேஷனில் நீலச் சட்டைக் கூட்டம் இறங்கும், 35-ல் கறுப்புச் சட்டைக் கூட்டம் இறங்கும். ஒரே பெட்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். 1906-ல் உலகத் தொடர் இறுதியில் இந்த ரெண்டு அணியும் மோதின. அந்த வருஷம் 116 ஆட்டம் ஜெயித்து மார்தட்டிய கப்ஸை சாக்ஸ் கவிழ்த்துவிட்டது. அதற்கப்புறம் கணக்கில் சேரும் ஆட்டத்தில் இருவரும் சந்திக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லீக் வேறே, அதனால். ஆனாலும் தொண்ணூறு வருஷமாகத் தாத்தா பேரனுக்கு அந்த வன்மத்தை சொத்து மாதிரி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் ரெண்டு மைதானத்துக்கும் போக ஆரம்பித்தேன். ரிக்லி ஃபீல்டு 1914-ல் கட்டியது. செங்கல் சுவர் மேல் 1937-ல் நட்ட கொடி இன்னும் படர்ந்து கிடக்கிறது, பந்து அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். 1988 வரை அங்கே ராத்திரி விளக்கே கிடையாது, பகலாட்டம்தான். வெயில் காய்ந்துகொண்டு ஆட்டம் பார்ப்பது நம்ம ஊர் மாதிரியே இருக்கும். சாக்ஸின் பழைய மைதானம் கொமிஸ்கி பார்க், 1910-ல் கட்டியது. நான் வருவதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். அது இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். பழைய ஹோம் பிளேட் இருந்த இடத்தில் மட்டும் தரையில் ஓர் அடையாளம் பதித்திருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு அதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கிற வயசாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

2005-ல் சாக்ஸ் 88 வருஷத்துக்கப்புறம் ஜெயித்தது, ஊர்வலத்தில் நின்றேன். 2016-ல் கப்ஸ் 108 வருஷத்துக்கப்புறம் ஜெயித்தது, அந்த ஊர்வலத்திலும் நின்றேன். ஐரிஷ்காரர் (சாக்ஸ் ஆள்) இரண்டாவதற்கு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவருக்கு நான் சொல்ல முயன்று முடியாமல் போனது ஒன்று உண்டு. அந்தக் கேள்வி எனக்குப் புதுசே இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்கிறார்கள். "நீ தமிழ்நாடா, கேரளாவா?"

வேலந்தாவளம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி மேற்கே போனால், தமிழ்நாடு முடிகிற இடத்தில் ஒரு செக்போஸ்ட், நாலு டீக்கடை, ஒரு காய்கறிச் சந்தை, லாட்டரிக் கடைகள். (2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு அந்தக் கடைகளுக்கு அடித்த யோகமே தனி.) நிலம் பாலக்காடு மாவட்டம். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், நடுநடுவே மலையாளம். மழை பெய்தால் கேரளாவில் பெய்கிறதா தமிழ்நாட்டில் பெய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சிம்கார்டு காலம் வந்தபோது மட்டும் தெரு இந்த ஓரத்தில் ஒரு டவர், அந்த ஓரத்தில் ஒரு டவர் என்று ரோமிங் காசு பிடுங்கினார்கள்.

இந்தக் கோடு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லணும். வெள்ளைக்காரன் காலத்தில் பாலக்காடு மலபார் ஜில்லாவில் இருந்தது, அதாவது சென்னை மாகாணம். அப்போது கோயமுத்தூரும் பாலக்காடும் ஒரே கவர்னருக்குக் கீழே. சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்ஜியத்திலிருந்து பிரிந்து தனித்துண்டாகக் கிடந்தது. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் வந்தபோது மலபார் அந்தப் பக்கம் போனது, கன்னியாகுமரி இந்தப் பக்கம் வந்தது. என் அப்புச்சிக்கு சித்தூர் பக்கம். வீட்டை விட்டு நகராமலே கொச்சி, திருவிதாங்கூர்-கொச்சி, கேரளா என்று மூன்று ராஜ்ஜியம் பார்த்தவர். "நான் எங்கீமு போகுலெ கண்ணு, அவீகதா வந்து வந்து போனாங்க" என்பார்.

கிரிக்கெட் அணிகளும் இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு பிரிந்தன. 1951-52-லிருந்து ரஞ்சியில் திருவிதாங்கூர்-கொச்சி என்று ஓர் அணி ஆடியது. 1957-58-ல் அதுவே கேரளா ஆனது. இந்தப் பக்கம் மெட்ராஸ் அணி, பிறகு தமிழ்நாடு. இந்த ரெண்டும் ஒன்றுக்கொன்று ஈடான எதிரிகள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் நடந்தது, மெட்ராஸும் மைசூரும். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்து ஒரே நாளில் ஆட்டத்தையே முடித்துவிட்டார். 1954-55-ல் கோப்பை, 1987-88-ல் மறுபடி கோப்பை. கேரளாவோ தென்மண்டலத்தில் எல்லாரும் புள்ளி சேர்த்துக்கொள்ள வசதியாக இருந்த அணி.

ஆனால் அப்புச்சிக்கு கேரளாதான். காரணம் பாலக்காடு கோட்டை மைதானம். ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1959-60-ல் ஆந்திராவுக்கு எதிராக பாலன் பண்டிட் அங்கே ஆட்டமிழக்காமல் 262 எடுத்தார். அப்போது கேரளா என்ற மாநிலத்துக்கே மூணு, நாலு வயசு. அப்புச்சி அன்றைக்கு அங்கே இருந்தாராம். பந்து போய்க் கோட்டை அகழியில் விழுந்ததாம். எத்தனை சிக்ஸர் அப்புச்சி என்று கேட்டால் மட்டும் கோபம் வந்துவிடும் :-)

என்னை முதன்முதலில் அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போனது மாமா. எனக்கு ஒன்பது வயசிருக்கும். மரத்தடியில் நின்று பார்த்தோம். யார் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள், ஒன்றும் ஞாபகம் இல்லை. ஃபீல்டர் ஒருத்தர் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு, கடலைப் பொட்டலத்தில் பாதி எனக்கு வேணும் என்று சைகை காட்டினார். ஓடிப்போய்க் கொடுத்தேன். அது போதாதா ஓர் அணியைப் பிடித்துப்போக? 2007-ல் அதே மைதானத்தில் சர்வீசஸ் அணிக்கு எதிராக ஸ்ரீகுமார் நாயர் 306 எடுத்து, பாலன் பண்டிட்டின் கணக்கைத் தாண்டினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்ற கணக்கு. அப்போது அப்புச்சி இல்லை. இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அப்பாவுக்குத் தமிழ்நாடு அணி. அவர் காய்கறி வியாபாரி. கோயமுத்தூர் மார்க்கெட்டுக்குப் போய் வந்தவர், அங்கே வாங்கின தமிழ்ப் பேப்பரில் படித்த கிரிக்கெட்தான் அவருக்குக் கிரிக்கெட். சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது, ஆனால் எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் கால்வாய் என்று சொல்வார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மாமனாரும் மருமகனும் இந்த விஷயத்தில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அம்மா இருவருக்கும் ஒரே குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள்.

எனக்கு ரெண்டும் கிடைத்தது, ரெண்டிலும் திட்டும் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் "பாண்டி" என்றார்கள். சென்னையில் இன்ஜினியரிங் படிக்கப் போனால் ஹாஸ்டலில் "சேட்டா" என்று பேர் வைத்தார்கள். தமிழ் பேசுகிற வாயைப் பார்த்துத்தான் ரெண்டு பக்கமும் சொன்னார்கள் என்பது வேடிக்கை. ஒருத்தருக்கு என் மலையாளத்தில் தமிழ் கேட்டது, இன்னொருத்தருக்கு என் தமிழில் மலையாளம்.

அந்த ஹாஸ்டல் காலத்தில்தான் சேப்பாக்கத்தைப் பார்த்தேன். 1999 ஜனவரி 31, பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாம் நாள். ஜெயிக்க 271. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 எடுத்து அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. கடைசி நாலு விக்கெட்டுக்கு நாலே ரன். 12 ரன்னில் தோற்றோம். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் மைதானமே மயானம் மாதிரி. பிறகு எங்கிருந்தோ கைதட்டல் ஆரம்பித்தது. அந்தப் பெரியவரும் எழுந்தார், துண்டைத் தோளில் போட்டார், தட்டினார். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது, முழு அரங்கமும் நின்று தட்டியது. ராத்திரி எஸ்டிடி பூத்திலிருந்து அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "தோத்ததுக்கு என்னடா கண்ணு இப்பிடிக் கத்தற" என்றார்.

இதெல்லாம் கிரிக்கெட். கால்பந்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையாக என் வயிற்றைப் பிசைந்தது அங்கேதான்.

கேரளாவில் கால்பந்து என்றால் மலபார். கொய்த்து முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி ஆடுகிற செவன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கோழிக்கோட்டில் சேட் நாக்ஜி கோப்பை 1952-ல் தொடங்கியது. 1987-ல் அங்கே நேரு கோப்பையே நடந்து, சோவியத் அணி வந்து ஜெயித்துப் போனது. 1973 டிசம்பரில் கொச்சியில் ரயில்வேஸை 3-2 என்று வீழ்த்தி கேரளா முதன்முதலாக சந்தோஷ் கோப்பை வாங்கியபோது மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி அடித்தது. மணி என்ற பேரைக் கேட்டதும் அப்பா, "நம்மாளாட்ட இருக்குது" என்று கொஞ்சம் இறங்கி வந்தார். (அவர் கண்ணூர்க்காரர். நான் சொல்லவில்லை.)

கோயமுத்தூரில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வ.உ.சி. பூங்கா பக்கத்தில் நேரு ஸ்டேடியம், சுற்றிலும் ஓடுபாதை, காலையில் வாக்கிங் போகிறவர்கள். அவ்வளவுதான். 2017-ல் சென்னை சிட்டி எஃப்சி அங்கே குடிவந்தது. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கிய பழைய சங்கம். பேரில் சென்னை, ஊர் கோயமுத்தூர். "ஏனுங், நம்மூரு பேரு வெச்சா கோலு உழுகாதுங்களா?" என்று அண்ணன் கேட்டான். அதே 2017-ல் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா எஃப்சி முளைத்தது. செல்லப் பேர் மலபாரியன்ஸ். அதன் சொந்தக்காரர்களான ஸ்ரீ கோகுலம் சிட்ஸுக்குத் தலைமையகம் எங்கே தெரியுமா? சென்னை. சென்னை என்று பேர் வைத்த அணி கேரள எல்லையோரம் ஆடுகிறது, கேரளா என்று பேர் வைத்த அணிக்குச் சென்னையிலிருந்து காசு வருகிறது. இதைவிட வேலந்தாவளத்துக்காரனுக்கு வேறென்ன வேணும்?

முதல் வருஷம், 2017-18 ஐ-லீகில், பத்து அணியில் கோகுலம் ஏழாவது, சென்னை சிட்டி எட்டாவது. நம் ரெண்டு பேரும் அடுத்தடுத்து, கீழேதான், என்று சந்தோஷமாக இருந்தேன். அடுத்த வருஷம் சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் நாலு ஸ்பானிஷ் ஆட்டக்காரர்களை இறக்கினார். பெட்ரோ மான்சி 21 கோல் அடித்துத் தள்ளினார். கடைசி நாளுக்கு வரும்போது சென்னை சிட்டி முதலிடம், ஒரே ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால்.

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்காலை எதிர்த்து ஆடுவது யார்? கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் கோகுலம்! அதாவது என் அணி ஒன்று கோப்பை வாங்க வேண்டும், அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியது என் இன்னோர் அணி. வாழ்க்கையில் முதன்முறையாக ரெண்டும் ஒரே பக்கம்.

சிகாகோவில் விடிந்திருக்கவில்லை. வெளியே பனி. அண்ணன் நேரு ஸ்டேடியத்தில் நின்றுகொண்டு வாட்ஸப்பில் சொல்கிறான், மாமா பையன் கோழிக்கோட்டிலிருந்து சொல்கிறான், நான் சமையலறையில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன். மூணாவது நிமிஷமே மினர்வா கோல். அண்ணனிடமிருந்து பத்து நிமிஷம் தகவலே இல்லை. இடைவேளை வரைக்கும் அதே கதை. கோழிக்கோட்டில் கோலே விழவில்லை. இடைவேளைக்கப்புறம் மான்சி பெனால்டியில் சமன். கொஞ்ச நேரத்தில் ரெண்டு போனும் கிட்டத்தட்ட சேர்ந்தே அலறின. கோவையில் கௌரவ் போரா கோல், கோழிக்கோட்டில் கோகுலத்துக்கு மார்கஸ் ஜோசப் கோல். என் மகள் தூக்கம் கலைந்து வந்து, "யாருப்பா ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டாள். "ரெண்டு பேரும்" என்றேன். அன்றைக்கு மட்டும் அது பொய்யில்லை.

கோகுலத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஈஸ்ட் பெங்கால் ரெண்டு அடித்து 2-1 என்று ஜெயித்துவிட்டது. அதற்குள் போரா இன்னொன்றும் அடிக்க, கோவையில் 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அண்ணன் அனுப்பிய வீடியோவில் ஒரே புகையும் கூச்சலும், யாரோ ஒருத்தருடைய முதுகும்தான் தெரிந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த கதை சீக்கிரம் முடியும். 2019 ஆகஸ்டில் கோகுலம் கல்கத்தா போய் மோகன் பகானையே 2-1 என்று அடித்து டூரண்ட் கோப்பை வாங்கியது, ரெண்டு கோலும் மார்கஸ் ஜோசப். 2020-21, 2021-22 என்று ஐ-லீகையும் அடுத்தடுத்து வென்றது. கேரளாவிலிருந்து எந்த கிளப்பும் அதற்கு முன் அதை வாங்கியதில்லை. ஆனால் கோவிட் காரணமாக ரெண்டு வருஷமும் ஆட்டமெல்லாம் வங்காளத்தில்தான். கோழிக்கோட்டு ஜனம் தன் மைதானத்தில் அந்தக் கோப்பையைத் தூக்குவதைப் பார்க்கவில்லை. 2025 ஏப்ரல் 6-ல் இ.எம்.எஸ். ஸ்டேடியத்திலேயே கடைசி ஆட்டம், கோப்பைக்கு வாய்ப்பும் இருந்தது. டெம்போவிடம் 4-3 என்று தோற்றார்கள். சென்னை சிட்டியோ 2020-21-க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை. கோவையில் கோப்பை வாங்கிய ரெண்டே வருஷத்தில்.

அதனால்தான் எனக்கு இப்போதெல்லாம் கொமிஸ்கி பார்க் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிற வயசாளிகள் வேறு மாதிரி தெரிகிறார்கள்.

கேரளா கிரிக்கெட் மட்டும் நல்ல சேதி சொன்னது. 2025 பிப்ரவரி, ஆமதாபாத்தில் ரஞ்சி அரையிறுதி. முதல் இன்னிங்ஸில் கேரளா 457. குஜராத் 455-ல் இருக்கும்போது அடித்த பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சல்மான் நிஸாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பி, ஸ்லிப்பில் சச்சின் பேபி கையில் போய் உட்கார்ந்தது. ரெண்டு ரன் முன்னிலை, முதல்முறையாக இறுதிப் போட்டி. இறுதியில் விதர்பாவிடம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை போனது, சச்சின் பேபி 98-ல் அவுட். நாக்பூர் ஆட்டத்தை அஞ்சு நாளும் டிவியில் பார்த்தது யார் தெரியுமா? எங்கப்பா. எண்பதைத் தொடப்போகிறவர். அண்ணன் போனில் சொன்னபோது நம்பவில்லை. அப்பாவிடமே கேட்டேன். "உங்க அப்புச்சி இருந்திருந்தா பார்த்திருப்பாரல்லோ, அதுக்கோசரம் பார்த்தேன்" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்த மண்டையில பட்ட பையன் எப்பிடியிருக்கறான்?" என்றும் கேட்டார்.

மகள் மூணாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். குடும்பம் எந்த மாநிலத்திலிருந்து வந்தது, வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டும். "தமிழ்நாடாப்பா, கேரளாவா?" என்று பென்சிலோடு நின்றாள். இங்கே பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் உண்டு. எனக்கு அன்றைக்கு அரைமணி நேரம் பிடித்தது. கடைசியில் அவளே ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை மட்டும் தடிமனாகப் பச்சையில் வரைந்துவிட்டாள். டீச்சர் என்ன மார்க் போட்டார் என்று கேட்காதீர்கள்.

2025 மே மாதம் சிகாகோக்காரர் ஒருத்தர் போப் ஆனதும் இந்த ஊருக்கு வந்த முதல் சந்தேகம், அவர் கப்ஸா சாக்ஸா என்பதுதான். கப்ஸ் என்று செய்தி பரவியது, கப்ஸ்காரர்கள் ரிக்லியில் போர்டே வைத்துவிட்டார்கள். பிறகு அவருடைய அண்ணன் வந்து, இல்லவே இல்லை, அவன் சாக்ஸ் என்றார். ஐரிஷ்காரர் ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனாலும் எனக்கு போன் பண்ணினார். "கேட்டாயா?" என்றார். கேட்டேன் என்றேன். "நீ இன்னும் ரெண்டும்தானா?"

சாக்ஸ் 2024-ல் 121 ஆட்டம் தோற்ற அணி, நவீன காலத்தில் யாரும் அவ்வளவு தோற்றதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கைவிடக் கூடாதில்லையா. சனிக்கிழமை 35-வது தெருவுக்கு டிக்கெட் ரெண்டு எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னேன். மகள் கப்ஸ் தொப்பிதான் போட்டுக்கொண்டு வருவாளாம். அதை அவரிடம் சொல்லவில்லை.